எனக்கும் சொல்: லத்தீன் காப்பியமும் பெத்ரார்க்கும்

லத்தீனில் ‘எத்’ என்று ஒரு பொடிச் சொல் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சேர்க்க வரும். சில இடங்களில் மட்டும் நம்முடைய ‘உம்’ செய்கிற வேலையைச் செய்யும். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பிரான்செஸ்கோ பெத்ரார்க், தன் பெயரை நிலைநிறுத்தும் என்று நம்பி எழுதிய ‘ஆப்பிரிக்கா’ காப்பியத்தின் முதல் சொல் இதுதான். ‘எத் மிகி’ என்று ஆரம்பிக்கிறார். எனக்கும்.

கலைத்தேவியிடம் கதை கேட்கிற இடம் அது. ‘எனக்குச் சொல்’ என்று கேட்டிருந்தால் வழக்கமான வணக்கப் பாட்டு. ‘எனக்கும் சொல்’ என்றால், ஏற்கெனவே யார் யாருக்கோ சொல்லியிருக்கிறாய், எனக்குத் தெரியும், நானும் வரிசையில் நிற்கிறேன் என்று பொருள். பழைய லத்தீன் காப்பியங்களோடு இத்தாலியின் தொடக்ககால மானுடக் கவிஞர்களுக்கு, அதாவது ஹியூமனிஸ்டுகளுக்கு, என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு, இந்த ‘உம்’மைப் பிரித்துக் காட்டுவதுதான் சுருக்கு வழி.

வரிசையில் முன்னால் நின்றவர்கள்

முதலில் என்னியஸ் (கி.மு. 239–169). கிரேக்கர்கள் காப்பியத்துக்குப் பயன்படுத்திய யாப்பை லத்தீனுக்குக் கொண்டுவந்து ரோமின் வரலாற்றைப் பாடியவர். அவருடைய ‘அன்னாலெஸ்’ முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்கால ஆசிரியர்கள் மேற்கோள் காட்டிய சுமார் 600 அடிகள்தான் மிச்சம். அடுத்து வெர்ஜில் (கி.மு. 70–19). அவருடைய ‘ஈனியட்’ 12 காண்டம், ஏறத்தாழ 9,900 அடி. எரிந்த டிராய் நகரிலிருந்து தப்பிய ஈனியாஸ் கடல் கடந்து இத்தாலிக்கு வந்து, பின்னால் ரோமாக வளரப்போகிற இனத்துக்கு விதை போடும் கதை. அவருக்குப் பிறகு ஓவிட், லூகன், ஸ்டாட்டியஸ் என்று வரிசை நீள்கிறது.

இவர்கள் எல்லோரையும் கட்டிப்போடுவது ஒரே யாப்பு: அடிக்கு ஆறு சீர். ஒவ்வொரு சீரும் ஒரு நெடிலசையும் இரண்டு குறிலசையுமாக வரும், அல்லது இரண்டு நெடிலசையாக வரும். குறிலை மெய் அடைத்தால் அதுவும் நெடிலாகவே கணக்கு. ‘ஈனியட்’டின் முதல் அடியைச் சீர் பிரித்தால் இப்படி இருக்கும்:

அர்-ம-வி | ரும்-க்வெ-க | நோ-த்ரோ | யை-க்வீ | ப்ரீ-மு-ச | போ-ரீஸ்

‘போர்க்கருவிகளையும் மனிதனையும் பாடுகிறேன், டிராயின் கரையிலிருந்து முதன்முதலாக வந்தவனை’ என்று ஓடுகிறது பொருள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதல் நான்கு சீர்களைக் கவிஞர் தன் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஐந்தாவது மட்டும் அநேகமாக எப்போதும் ‘தம்-த-த’தான், ஆறாவது ‘தம்-தம்’ (அடியின் கடைசி அசை குறிலாக இருந்தாலும் நெடில் கணக்குதான்). ஆயிரக்கணக்கான அடிகளும் இதே தாளத்தில் வந்து இறங்கும். சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவருக்கு இந்தக் கடைசி இரண்டு சீர் ரத்தத்தில் கலந்துவிடும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் பெத்ரார்க்கின் காலை வாருவது இந்த இடம்தான்.

யார் இந்த ஹியூமனிஸ்டுகள்?

ஹியூமனிஸ்ட் என்ற சொல்லை நாம் ‘மனிதநேயர்’ என்று பெயர்த்துவிடுகிறோம். இங்கே அந்தப் பொருள் பொருந்தாது. இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறநெறி ஆகிய ஐந்தையும் பழைய லத்தீன், கிரேக்க நூல்களிலிருந்தே கற்கவேண்டும் என்றவர்கள் இவர்கள். அந்தப் படிப்புக்கு ‘மானுடக் கல்வி’ என்று பெயர். ஏழைக்கு இரங்கினார்களா இல்லையா என்பது வேறு விஷயம்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு. இடைக்காலத்தில் வெர்ஜிலை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஹியூமனிஸ்டுகள் வந்து தூசு தட்டி எடுத்தார்கள் என்பது. வெர்ஜில் தொலையவே இல்லை. பள்ளிகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பாடமாக இருந்தார். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரகப் பயணத்துக்கு வழிகாட்டியாகப் பிடித்ததே அவரைத்தான். ஆனால் அந்த வெர்ஜில் பாதி முனிவர், பாதி மந்திரவாதி. நேப்பிள்ஸ் பக்கம் மலையைக் குடைந்து ஒரு பழைய சுரங்கப்பாதை இருக்கிறது. வெர்ஜில் மந்திரத்தால் குடைந்தது என்று ஊர் நம்பியது. நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட் அதைப் பற்றி பெத்ரார்க்கிடமே கேட்டிருக்கிறார். அப்படி எதுவும் தான் படித்ததில்லை என்று பெத்ரார்க் விளையாட்டாகப் பதில் சொல்ல, சுவரில் தெரிவது இரும்பின் தடம்தான், மந்திரத்தின் தடம் கிடையாது என்று அரசரும் ஒப்புக்கொண்டாராம். மாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெர்ஜில் ஒரு காலத்தில் வாழ்ந்த மனிதர், மையும் ஏடுமாக உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதிய கவிஞர் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். மந்திரவாதியை யாரும் பார்த்து எழுத முடியாது. கவிஞரைப் பார்த்து எழுதலாம்.

இதற்குக் கொஞ்சம் முன்பே படுவா நகரில் லோவாத்தோ லோவாத்தி, அல்பெர்த்தீனோ முஸ்ஸாத்தோ போன்றவர்கள் பழைய பாணி லத்தீன் கவிதையை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். முஸ்ஸாத்தோவுக்கு 1315இல் படுவா கவிஞர் மகுடமே சூட்டியது. தாந்தேயின் கடைசிக் காலத்தில் ஜொவான்னி தெல் விர்ஜீலியோ என்ற பொலோன்யா ஆசிரியர் அவருக்கு லத்தீன் செய்யுளில் கடிதம் எழுதினார்: இவ்வளவு பெரிய விஷயத்தைப் பேச்சுமொழியில் எழுதலாமா, நம் காலத்துப் போர்களை லத்தீன் காப்பியமாகப் பாடக்கூடாதா? வெர்ஜிலுக்காகத் தன் பெயரிலேயே அவரைச் சேர்த்துக்கொண்ட மனிதர். வேறு எப்படிக் கேட்பார்! தாந்தே லத்தீனில் ஒரு முல்லைப்பாட்டை, அதாவது ஆயர் வாழ்வைப் பாடும் கவிதையை, பதிலாக அனுப்பிவிட்டு, தன் இத்தாலியக் கவிதையைத் தொடர்ந்தார்.

நெருப்பிலிருந்து எடுத்த புத்தகம்

பெத்ரார்க் 1304இல் அரெட்ஸோவில் பிறந்தவர். அப்பா பிளாரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட பத்திரப்பதிவாளர். குடும்பம் பிழைப்புக்காக, போப்பாண்டவர் அப்போது இருந்த அவிஞ்ஞோன் பக்கம் போனது. பையன் சட்டம் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. பையனோ கவிதைப் புத்தகங்களை ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அப்பா அத்தனையையும் கண்டுபிடித்து நெருப்பில் போட்டார். பையன் அழுத அழுகையைப் பார்த்து மனம் இளகி, பாதி கருகிய இரண்டு புத்தகங்களை இழுத்தெடுத்துக் கொடுத்தார். ஒன்று ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் சொற்கலை நூல், அது சட்டத்துக்கு உதவும். மற்றது வெர்ஜில், எப்போதாவது மனம் ஆற. வயதான பிறகு ஒரு கடிதத்தில் பெத்ரார்க்கே இதைச் சொல்கிறார்.

அவருடைய இன்னொரு வெர்ஜில் பிரதி இன்றும் மிலானில் அம்ப்ரோசியன் நூலகத்தில் இருக்கிறது. 1326இல் திருடு போய் 1338இல் திரும்பக் கிடைத்தது. கிடைத்த மகிழ்ச்சியில் சிமோனே மார்த்தினி என்ற பெரிய ஓவியரைக் கொண்டு முகப்புப் படம் வரையச் சொன்னார். படத்தில் வெர்ஜில் மரத்தடியில் சாய்ந்து எழுதுகோலோடு யோசிக்கிறார். அவருக்கு முன்னால் மெல்லிய திரை ஒன்று. உரையாசிரியர் செர்வியுஸ் அதை விலக்கிக் காட்ட, ஈட்டியோடு ஈனியாஸ், திராட்சைக்கொடி வெட்டும் உழவன், ஆடு கறக்கும் இடையன். வெர்ஜிலின் மூன்று நூல்களுக்கு மூன்று ஆட்கள். நம்மூர் உரையாசிரியர்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தத் திரை விலக்கும் கை உடனே பிடிபடும். ஓரங்களிலெல்லாம் பெத்ரார்க்கின் பொடி எழுத்துக் குறிப்புகள். தான் காதலித்த லாரா 1348 ஏப்ரல் 6 அன்று இறந்த செய்தியையும் இந்தப் புத்தகத்தின் ஏட்டில்தான் எழுதிவைத்தார். நாட்குறிப்பு, கல்லறை, பாடநூல் எல்லாம் அவருக்கு இந்த ஒரே புத்தகம்.

முதல் மூன்று அடி

அவிஞ்ஞோன் அருகே வோக்ளூஸ் பள்ளத்தாக்கில், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மலையில் நடந்துகொண்டிருந்தபோது காப்பிய எண்ணம் பிறந்தது என்கிறார். 1330களின் கடைசி. பாட்டுடைத் தலைவன் சிபியோ, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் தளபதி ஹன்னிபாலை கி.மு. 202இல் ஸாமாவில் தோற்கடித்த ரோமானியத் தளபதி. ‘ஆப்பிரிக்கா’வில் சில நூறு அடிகள் எழுதியிருந்தாரோ என்னவோ, அதற்குள் புகழ் பரவி 1341 ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறன்று ரோமின் காப்பித்தோல் குன்றில் லாரல் மகுடம் சூட்டினார்கள். இன்றைய மொழியில் சொன்னால், முன்பணம். வாங்கிய மகுடத்துக்குத் தகுதி காட்டவேண்டுமே என்ற பயத்தில் பார்மா அருகே உட்கார்ந்து மளமளவென்று எழுதினார்.

தொடக்க அடிகளின் பொருள் ஏறத்தாழ இது: ‘எனக்கும் சொல்வாய், கலைத்தேவியே, தகுதியால் ஓங்கியவனும் போரில் அஞ்சத்தக்கவனுமான அந்த மனிதனை; இத்தாலியக் கருவிகளின் கீழ் நொறுங்கிய ஆப்பிரிக்கா என்றும் அழியாத பெயரைத் தந்தது அவனுக்குத்தான்.’

லத்தீனில் இரண்டாம் அடி ‘மூசா, விரும்’ என்று தொடங்கி ‘ஆர்மிஸ்’ என்று முடிகிறது. ‘விரும்’ மனிதனை, ‘ஆர்மிஸ்’ கருவிகள். மேலே சீர் பிரித்த வெர்ஜில் அடியின் முதல் இரண்டு சொற்கள் இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கின்றன. அது மட்டுமா? கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ‘ஒடிஸ்ஸி’ தொடக்கத்தை ரோமானியக் கவிஞர் ஹோரஸ் ஓரிடத்தில் லத்தீனில் பெயர்த்திருக்கிறார்: ‘திக் மிகி, மூசா, விரும்’, எனக்குச் சொல், தேவியே, அந்த மனிதனை. பெத்ரார்க்குக்கு ஹோரஸ் தலைகீழ்ப் பாடம். ‘மிகி’, ‘மூசா’, ‘விரும்’ மூன்றையும் எடுத்து முன்னால் ‘எத்’ சேர்த்துவிட்டார். அவர் வாசகர்கள் பள்ளியில் இதே அடிகளை உருப்போட்டவர்கள், படித்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. யாருடைய வாரிசு என்று காட்டும் முத்திரை.

பிறகு அவர் கிறிஸ்துவையும் வேண்டிக்கொள்கிறார். வெர்ஜிலுக்கு இல்லாத சிக்கல் இது. ரோமானியரின் தலைமைக் கடவுள் ஜுபிடர் தலைமை தாங்கும் கதையைக் கிறித்தவர் எப்படி எழுதுவது? ஏழாம் காண்டத்தில் ரோமும் கார்த்தேஜும் இரண்டு பெண்களாக ஜுபிடர் முன் நின்று வாதாடுகிறார்கள். தீர்ப்புச் சொல்லும் ஜுபிடரோ, தான் பின்னாளில் ஒரு கன்னியிடம் மனித உடலெடுக்கப் போவதாகவும் அறிவிக்கிறார்! எனக்கு இந்த இடம் ஒட்டவில்லை. ஆனால் இரண்டு உலகத்தையும் விட மனமில்லாத ஒருவரின் தவிப்பு இங்கே மறைக்காமல் தெரிகிறது.

எடுத்ததும் திருத்தியதும்

காப்பியத்தின் பெரிய காட்சிகள் பலவற்றுக்கு லத்தீனில் மூலம் காட்டலாம். ‘ஈனியட்’டின் ஆறாம் காண்டத்தில் ஈனியாஸ் பாதாளம் போய் இறந்த அப்பாவைச் சந்திக்க, அவர் ரோமின் எதிர்காலத்தைக் காட்டுவார். சிசரோவின் ஓர் உரைநடை நூலில் சிபியோவின் பேரன் கனவில் தாத்தாவைக் காண்பான். பெத்ரார்க் இரண்டையும் பிசைந்து, முதல் இரண்டு காண்டத்தில் சிபியோவுக்கே அப்பாவைக் கனவில் கொண்டுவருகிறார். அங்கே அப்பா சொல்வது ரோமின் பெருமையோடு நிற்கவில்லை. உடல் சாகும், பிறகு கல்லறை சரியும், கடைசியாக உன்னைப் பாடிய புத்தகங்களும் செத்துப்போகும், அது உனக்கு மூன்றாம் சாவு என்கிறார். வெர்ஜிலின் அப்பா எல்லையில்லாத பேரரசைக் காட்டினார். இவர் கறையான் அரித்த ஏட்டைக் காட்டுகிறார். தொலைந்த நூல்களைத் தேடி மடம் மடமாக அலைந்தவருக்குத்தான் இப்படி எழுதத் தோன்றும்.

டைடோ விஷயம் இன்னும் சுவையானது. கார்த்தேஜின் அரசி டைடோ ஈனியாஸைக் காதலித்துக் கைவிடப்பட்டு உயிரை மாய்த்துக்கொள்வது ‘ஈனியட்’டின் மிகப் புகழ்பெற்ற பகுதி. வெர்ஜிலுக்கு முந்தைய மரபில் டைடோ இறந்த கணவனுக்கே உண்மையாக இருந்து மடிந்தவள். பெத்ரார்க் ஓர் அரசவை விருந்துக் காட்சி வைக்கிறார். டைடோவின் விருந்தையே அப்படியே பிரதி எடுத்த மாதிரி, பாணன் உட்பட. அந்தப் பாணன் டைடோவின் கற்பைப் பாடிவிட்டு, தன் புலமையை நம்பி எவனாவது இவளைப் பற்றி வேறு கதை கட்டினால் அது அநியாயம் என்கிறான். கதைப்படி வெர்ஜில் பிறக்க இன்னும் நூற்றுச் சொச்சம் ஆண்டு இருக்கிறது! குருவிடம் எடுத்த காட்சிக்குள் வைத்தே குருவைக் கண்டிக்கிறார் சீடர். ஆனால் காதலால் அழியும் அரசியை விட்டுவிடவும் இல்லை. லிவியின் வரலாற்றில் இருந்த சோபோனிஸ்பாவை, புதுக் கணவன் மசினிஸ்ஸா அனுப்பிய விஷத்தைக் குடித்துச் சாகிறவளை, டைடோவின் இடத்தில் வைத்தார்.

எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கக் குடைந்தது. 1366இல் நண்பர் பொக்காச்சியோவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விதி சொல்கிறார்: புது நூல் பழைய நூலை மகன் அப்பாவைப் போல ஒத்திருக்க வேண்டும், ஓவியம் ஆளைப் போல இருக்கக் கூடாது. மகனின் மூக்கும் வாயும் வேறாக இருக்கும், ஆனாலும் பார்த்ததும் அப்பா நினைவு வரும். தன்னிடம் படியெடுக்கும் வேலையில் இருந்த ஓர் இளைஞனுக்கும் இதைத்தான் உபதேசித்தாராம். வெர்ஜிலின் சொற்களை அப்படியே போடாதே, தம்பி! பையன் சிரித்துக்கொண்டே, ‘நீங்களே போட்டிருக்கிறீர்களே’ என்றான். எங்கே? உங்கள் ஆறாவது முல்லைப்பாட்டில், ஓர் அடியின் கடைசியில், ‘அத்க்வே இன்தொநத் ஓரெ’. வாயால் இடி முழங்குகிறான். பெத்ரார்க் வாயடைத்துப்போனார். ‘ஈனியட்’ ஆறாம் காண்டத்தில் ஓர் அடியின் முடிவு அது, எழுத்துப் பிசகாமல். பாட்டு அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டதால் திருத்தவும் வழியில்லை.

இன்-தொ-ந | தோ-ரெ. அதே கடைசி இரண்டு சீர். இந்த ஆசிரியர்களை ஆயிரம் முறை படித்திருக்கிறேன், எது அவர்களுடையது எது என்னுடையது என்பதே சில சமயம் மறந்துவிடுகிறது என்று வேறொரு கடிதத்தில் அவர் ஒப்புக்கொள்வது வெறும் அடக்கம் அல்ல.

என்னியஸின் கனவு

‘எனக்கும்’ என்ற சொல்லுக்கு முழு விடை ஒன்பதாம் காண்டத்தில் வருகிறது. போர் முடிந்து சிபியோ கப்பலில் ரோமுக்குத் திரும்புகிறார். கூடவே என்னியஸ். என்னியஸ் தன் ‘அன்னாலெஸ்’ நூலை, ஹோமர் கனவில் வந்ததாகச் சொல்லித் தொடங்கியவர். சிசரோ வழியாக பெத்ரார்க்குக்கு அந்தச் செய்தி தெரியும். இங்கேயும் என்னியஸுக்குக் கனவில் ஹோமர் வருகிறார். மூடிய பள்ளத்தாக்கு ஒன்றில் தனியே உட்கார்ந்திருக்கும் இளைஞனைக் காட்டுகிறார். பல நூற்றாண்டு கழித்துப் பிறப்பான், சிபியோவை மீண்டும் பாடுவான், பெயர் பிரான்சிஸ். வோக்ளூஸ் என்பதற்கு ‘மூடிய பள்ளத்தாக்கு’ என்றுதான் பொருள்.

அதாவது ஆசிரியர் தன் கதைக்குள் தானே நுழைந்து, ஹோமரின் விரலால் தன்னைச் சுட்டிக்கொள்கிறார். அவையடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் ஒரு வேடிக்கை: பெத்ரார்க்குக்குக் கிரேக்கம் தெரியாது. கற்றுக்கொள்ள முயன்று பாதியில் நின்றது. பின்னாளில் யாரோ ஹோமரின் கிரேக்கப் பிரதியைப் பரிசளித்தபோது, ‘ஹோமர் எனக்கு ஊமை, இல்லையென்றால் நான் அவருக்குச் செவிடு’ என்று எழுதினார். கனவில் மட்டும் அவரோடு பேச முடிந்தது, லத்தீனில்.

எரிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை

‘ஆப்பிரிக்கா’ ஒன்பது காண்டத்தில், ஏறத்தாழ 6,700 அடிகளில், நடுவே பெரிய ஓட்டையோடு நின்றுபோனது. முப்பது ஆண்டுக்கு மேல் திருத்திக்கொண்டே இருந்தார், யாருக்கும் காட்டவில்லை. ஒரே ஒரு முறை, 1343இல், ஹன்னிபாலின் தம்பி மாகோ கப்பலில் காயத்தோடு சாகும்போது புலம்பும் 34 அடிகளை நண்பர் பார்பாத்தோவிடம் கொடுத்தார். அது வெளியே கசிந்தது. சாகிற கார்த்தேஜ் இளைஞன் கிறித்தவனைப் போல வாழ்வின் நிலையாமையைப் பேசலாமா என்று பிளாரன்ஸில் குறை சொன்னார்கள். இதில் கிறித்தவம் எங்கே இருக்கிறது, எல்லா மனிதரும் சாகும்போது நினைப்பதுதானே என்று கோபமாகப் பதில் எழுதினார். தனக்கும் புனித அகஸ்தீனுக்கும் உரையாடலாக அவர் எழுதிய நூலில் அகஸ்தீன் சொல்கிறார்: ‘ஆப்பிரிக்காவை விடு, அதன் சொந்தக்காரர்களிடமே விட்டுவிடு.’ அகஸ்தீன் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். தன்னையே கேலி செய்துகொள்ள பெத்ரார்க்குக்குத் தெரிந்திருந்தது.

வெர்ஜில் சாகும்போது ‘ஈனியட்’டை எரிக்கச் சொன்னார், பேரரசர் அகஸ்டஸ் தடுத்துவிட்டார் என்பது பழைய செய்தி. 1374இல் பெத்ரார்க் இறந்ததும் எல்லோருக்கும் இதே பயம். பொக்காச்சியோ நூலைக் காப்பாற்றச் சொல்லிக் கவிதையே எழுதினார். ஹியூமனிஸ்ட் கொலுச்சோ சலுத்தாத்தி பிளாரன்ஸிலிருந்து கடிதம் மேல் கடிதம் போட்டார். கடைசியில் வெர்ஜேரியோ என்ற இன்னொரு ஹியூமனிஸ்ட் பதிப்பித்து 1396இல் வெளிவந்தபோது, ஆர்வத்தோடு காத்திருந்தவர்களுக்குச் சப்பென்று ஆனது. அவர் அற்ப விஷயம் என்று சொல்லிவந்த 366 இத்தாலியக் கவிதைகள்தான் உலகம் சுற்றின.

மற்றவர்கள் வேறு வழிகளில் போனார்கள். பொக்காச்சியோ ‘ஈனியட்’ போலவே 12 காண்டத்தில், ஆனால் இத்தாலிய மொழியில் ‘தெசெயிதா’ எழுதினார். மாஃபேயோ வேஜ்ஜோ 1428இல், இருபது வயது தாண்டிய கையோடு, ‘ஈனியட்’ முடியவில்லை என்று சொல்லி 13ஆம் காண்டம் எழுதிச் சேர்த்தார். ஈனியாஸுக்குக் கல்யாணம், பிறகு விண்ணேற்றம். நெடுங்காலம் வெர்ஜில் பதிப்புகளோடு சேர்த்தே அதை அச்சிட்டார்கள். பிறகு பிலெல்போ, பசீனியோ என்ற கவிஞர்கள் தங்களுக்குச் சோறு போட்ட சிற்றரசர்களை ஈனியாஸ் உயரத்துக்குத் தூக்கிப் பாடினார்கள். அந்த வகையை நான் பொறுமையாகப் படித்து முடித்ததில்லை.

மாகோவின் புலம்பலுக்கு ஒரு பின்கதை உண்டு. அதே ஹன்னிபால் போரை, முதல் நூற்றாண்டிலேயே சிலியஸ் இத்தாலிக்கஸ் என்ற ரோமானியர் 17 காண்டத்தில் பாடியிருந்தார். கையில் கிடைக்கும் லத்தீன் காப்பியங்களில் மிக நீளமானது அதுதான், 12,000 அடிக்கு மேல். பெத்ரார்க் காலத்தில் அது புழக்கத்தில் இல்லை. கான்ஸ்டன்ஸ் திருச்சபைப் பேரவையின்போது மடாலயங்களில் ஏடு தேடிய போஜ்ஜோ பிராச்சோலினியின் கையில் 1417 வாக்கில் சிக்கியது. பெத்ரார்க் இறந்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. ரோமானியர் ஒருவர் இந்தப் போரை முழுதாகப் பாடிவைத்திருக்கிறார் என்பது தெரியாமலே அவர் போயிருக்கிறார்.

1781இல் லெஃபெவ்ர் த வில்லப்ரூன் என்ற பிரெஞ்சுக்காரர் சிலியஸைப் பதிப்பித்தார். மாகோவின் புலம்பல் அடிகள் உண்மையில் சிலியஸுடையவை, பெத்ரார்க் திருடியவை என்று முடிவுகட்டி, அவற்றை எடுத்துப் பழைய ரோமானியக் காப்பியத்தின் 16ஆம் காண்டத்தில் செருகி அச்சிட்டுவிட்டார்.